நாற்றங்கால்

நெல்விதையை நெருக்கமாகத் தெளித்து, நடவுக்குரிய நாற்றை வளர்க்கும் சிறுவயல். நாறுதல் என்னும் வினைக்கு மணத்தலோடு முளைத்தல், தோன்றுதல் என்னும் பொருள்களும் உண்டாதலின் முளைத்தது நாறு எனவும் நாற்று எனவும் வழங்கலாயிற்று. அம் என்னும் சாரியையும் இடத்தைக் குறிக்கும் கால் என்பதும் கூடி நாற்றங்கால் ஆயிற்று. கோடியக்கரையை அடுத்த காவிரிக் கடைமடையில், நாற்றைப் பறித்து, வேர்ச்சேற்றை நீரில் அலசி, முடி முடியாகக் கட்டி நடவு வயலுக்குச் சுமந்து செல்வர்.

இச்சொல் இன்று விளையாட்டிலும் ஆகுபெயர்போல் வழங்குகிறது. அமெரிக்கப் பேஸ்பாலில், 1920களில் பிராஞ்ச் ரிக்கி என்பார் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காகச் சிறிய லீக்குகளில் இளைஞரை வளர்த்தெடுத்த முறையை அந்நாட்டார் ‘பண்ணை’ என்றே அழைப்பது, உழவர் சிந்தனை தேசபேதமற்றது என்பதற்குப் பிரத்தியட்சச் சான்றாகும். நம் நாட்டுக் கிரிக்கெட்டில், சென்னை நான்காம் டிவிஷனில் தொடங்கி, 2016இல் பிறந்த தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஆடி, 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்திய அணிக்காகப் பந்துவீசிய சின்னப்பம்பட்டி நடராஜன் அத்தகைய நாற்றங்காலின் பயிரே. இளம் வீரரைத் தரவரிசைப்படுத்தி உற்சாகத்தோடு பின்தொடரும் ரசிகர், நாற்றின் உயரத்தைவிட, பெயர்த்து நட்டபின் அது பச்சை பிடிப்பதே உழவருக்குப் பிரமாணம் என்பதை மனத்திற்கொண்டு, பட்டியலில் பின்தங்கியவரையும் பொறுமையோடு ஆதரிப்பது நலம்.