பிரிவும் ஒரு பாடே: ஒலிம்பியாசுக்கு யோவான் கிறிசோஸ்தோம் எழுதிய கடிதங்கள்

கிறிஸ்தவப் பொறுமையைப் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் யோபுவின் புண்களிலிருந்தோ மறைசாட்சிகளின் சிறையிலிருந்தோ தொடங்குகின்றன. அன்புக்குரியவரைப் பிரிந்திருப்பது அந்த வரிசையில் பின்தங்கிவிடுகிறது; அதற்காக அழுவது விசுவாசக் குறைவு என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. யோவான் கிறிசோஸ்தோம் 404 முதல் 407 வரை நாடுகடத்தப்பட்டிருந்தபோது ஒலிம்பியாசுக்கு எழுதிய 17 கடிதங்கள் இந்த வரிசைக்கு மாறாக நிற்கின்றன. பிரிவை அவை முழுத் துன்பமாகவே ஒப்புக்கொள்கின்றன. பொறுமைக்குப் பொருள் வருவதே அந்த ஒப்புதலுக்குப் பிறகுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கான்ஸ்டான்டிநோபிளின் பேராயரான கிறிசோஸ்தோம் பேரரசி ஏவ்தோக்சியாவின் பகையைத் தேடிக்கொண்டவர். 403இல் ஆயர்கள் கூடிய ஓக் சங்கம் அவரைப் பதவிநீக்கியது. 404 ஜூனில் அவர் நகரைவிட்டு இறுதியாக வெளியேற்றப்பட்டார். அன்றிரவே பேராலயம் தீப்பற்றி எரிந்தது. பழி அவருடைய ஆதரவாளர்கள்மேல் விழுந்தது. இளமையிலேயே கைம்பெண்ணாகி, பெருஞ்செல்வத்தைத் திருச்சபைக்கும் ஏழைகளுக்கும் கொடுத்து, பேராலயத்தை ஒட்டிப் பெண்களுக்கான மடம் ஒன்றை நிறுவிய திருத்தொண்டர் ஒலிம்பியாசும் விசாரணைக்கு இழுக்கப்பட்டார். கோயில்களைக் கட்டப் பணம் தந்தவளா கோயிலைக் கொளுத்துவாள் என்ற கருத்தில் அவர் பதிலளித்ததாக சோசோமெனின் திருச்சபை வரலாறு சொல்கிறது. பதில் எடுபடவில்லை. பெருந்தொகை அபராதம் விதிக்கப்பட்டது; பின்னர் அவரும் தலைநகரை இழந்தார். ஆகவே இக்கடிதங்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து துன்பப்படுபவருக்கு அனுப்பிய உபதேசங்கள் ஆகா. இரு முனையிலும் பாடுகள்தான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதே நாட்களில் கிறிசோஸ்தோம் எழுதி ஒலிம்பியாசுக்கு அனுப்பிய ஆய்வுரை ஒன்று, தனக்குத் தானே தீங்கிழைத்துக்கொள்ளாத எவரையும் பிறர் எவராலும் கெடுக்க இயலாது என்று நிறுவுகிறது. உடல் இயன்றால் வாய்விட்டு வாசிக்கும்படியும் அவரைக் கேட்டுக்கொண்டார். இதில் ஸ்தோயிக்கர் என்ற பண்டைய மெய்யியலாரின் சாயல் வெளிப்படை. வறுமை, நோய், நாடுகடத்தல் எல்லாம் புறத்தே நிற்பவை; ஆன்மாவைத் தொட அவற்றால் ஆகாது. இந்த உரையை மட்டும் படிப்பவர், கிறிஸ்தவப் பொறுமை என்பது உணர்ச்சியின்மைக்கு மாற்றுப்பெயர் என்று முடிவுகட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கடிதங்களோ அந்த முடிவுக்கு இடம் தருவதில்லை. பிரிவு எளிய சோதனை அன்று என்று கிறிசோஸ்தோம் வெளிப்படையாக எழுதுகிறார். சான்றுக்குப் பவுலை அழைக்கிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், அவர்களை உள்ளத்தால் பிரியாதபோதும் முகத்தைக் காண வேண்டுமென்று பவுல் ஏங்குகிறார். ஆவியில் ஒன்றாயிருக்கிறோம் என்ற நினைவு பவுலுக்கே போதவில்லை. ஒலிம்பியாசுக்கு மட்டும் போதும் என்று எப்படிச் சொல்வது? இவ்விடத்தில் ஸ்தோயிக்கர் பின்தங்கிவிடுகின்றனர். மனச்சோர்வைச் சாவினும் கொடிய வேதனையாகக் காட்ட, இறப்பை வேண்டிய எலியாவைக் கிறிசோஸ்தோம் முன்னிறுத்துகிறார். வலி இத்தனை பெரிது என்றால் அதைத் தாங்குவதும் அந்த அளவுக்குப் பெரிது என்பதே வாதத்தின் அடுத்த படி. வலியைக் குறைத்துக் காட்டினால் பொறுமையின் மதிப்பும் சேர்ந்தே குறையும்.

உடலைப் பற்றிய பேச்சும் இதற்குத் துணைநிற்கிறது. தாம் நாடுகடத்தப்பட்டிருந்த, இன்று துருக்கியில் உள்ள குக்குசு என்ற மலையூரின் குளிர்காலத்தை அவர் விவரிக்கும்போது புனிதர் தென்படுவதில்லை; வாந்தி, தலைவலி, தூக்கமின்மை, அறை நிறையப் புகை, படுக்கையைவிட்டு எழ முடியாத நிலை என நோயாளிதான் தென்படுகிறார். தம் வயிற்றுக் கோளாறுக்கு உதவிய மருந்தை ஒலிம்பியாசும் உட்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறார். உடல்நோய் ஒரு பொருட்டே அல்ல என்று நம்பியவர் மருந்தைப் பரிந்துரைக்கமாட்டார். ஆய்வுரையைக் கடிதங்களின் வெளிச்சத்தில் படிக்க வேண்டுமே தவிர மறுதலையாகப் படிக்கலாகாது என்பதற்கு எனக்கு இந்த மருந்தே வலுவான சான்று.

எனினும் கிறிசோஸ்தோமின் கை எப்போதும் மென்மையாக இல்லை. சோர்வைவிட்டு எழ மறுப்பதாக ஒலிம்பியாசையே கடிந்துகொள்ளும் இடங்களும் உள்ளன. துயரை ஒப்புக்கொண்ட அதே பேனா, துயர் நீடிப்பதற்கு அவரையே பொறுப்பாக்குகிறது. மேடைப் பேச்சாளரின் பழக்கம் இங்கே நண்பரை மீறிவிட்டது என்றே சொல்வேன். நோயும் அவமதிப்பும் ஒருசேர வந்த பெண்ணிடம் எழுந்து நில் என்று சொல்வது எளிது.

அதற்கு அவர் என்ன மறுமொழி எழுதினார்? ஒலிம்பியாசின் கடிதம் ஒன்றுகூட எஞ்சவில்லை. ஆறுதல் சொன்னவர் கிறிசோஸ்தோம், கேட்டுக்கொண்டவர் ஒலிம்பியாசு என்ற படிமம் இந்த இழப்பால் நிலைத்துவிட்டது. எஞ்சியவற்றை நெருங்கிப் படித்தால் அந்தப் படிமம் ஆட்டம் காண்கிறது. இசௌரியக் கொள்ளையர் வழிகளை மறித்த காலத்தில், ஆள் கிடைக்கும்போதெல்லாம் எழுதச் சொல்லி மன்றாடுகிறவர் பேராயர்தான். ஒலிம்பியாசின் உடல்நலச் செய்தி வந்தால் தம் தனிமை இலேசாகும் என்பது அவர் திரும்பத் திரும்பக் கூறுவது. இத்தொகுப்பை ஆன்ம வழிகாட்டி ஒருவரின் ஆறுதல் கடிதங்கள் என்று மட்டும் வகைப்படுத்தும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்ய இதுவே போதும்: இதில் பாதி, ஆறுதலைக் கேட்டு எழுதப்பட்டது.