புயலும் பயமும்

ஏமாற்ற முடியாத ஆளையும் கண்டிப்பான அப்பாவையும் "சரியான எம்டன்" என்று சொல்வது நம் தலைமுறைக்குப் பழக்கமான பேச்சு. எம்டன் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டு, அரை மணி நேரத்துக்குள் போய்விட்டது. இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னையை விட்டு ஓடினார்கள். எம்டன் திரும்பி வரவே இல்லை. அதே வருஷம் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டு அழிந்தது. கப்பல் போய்விட்டது, பயம் மட்டும் நம் பேச்சில் நூறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது.

இதைப் பார்த்தால், ஆபத்தைவிடப் பயம்தான் அதிகம் கெடுக்கிறது என்று தோன்றும். 1933இல் அமெரிக்காவில் வங்கிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தபோது பதவியேற்ற ரூஸ்வெல்ட்டும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். வங்கிக்கு அது பொருந்தும். வங்கி முழுகப் போகிறது என்று பயந்து எல்லோரும் ஒரே நாளில் பணத்தை எடுத்தால் நல்ல வங்கியும் முழுகிவிடும். கடல் அப்படியல்ல. நாம் பயந்தாலும் பயப்படாவிட்டாலும் அது வரும். அதற்கு நம் தனுஷ்கோடியே சாட்சி.

1964 டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான புயல், இலங்கையில் வவுனியா பக்கமாகக் கடந்து, 22ஆம் தேதி நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. அப்போது தனுஷ்கோடி பெரிய ஊர். சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் அங்கே இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவார்கள். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, மாதா கோயில் எல்லாம் இருந்தன. அந்த இரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும்போது சிக்னல் கிடைக்காமல் நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மெதுவாக முன்னே நகர்ந்தது. எழுந்து வந்த அலை ரயிலை அப்படியே விழுங்கியது. அதில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள், யாரும் பிழைக்கவில்லை. ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. எதிரே வருவது என்ன என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. அந்த இரவில் நம் மக்களைக் கொன்றது பயம் அல்ல. பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படுவதற்கான தகவல் வந்து சேராததுதான்.

புயலுக்குப் பிறகு நடந்ததுதான் யோசிக்க வேண்டியது. அதே புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. சரிசெய்ய ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்றார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர், விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்து எடுத்தே 46 நாட்களில் முடித்துக் காட்டினார். புயல் மறுபடி வராது என்று யாரும் நம்பிவிடவில்லை. காற்றை அளக்கும் கருவி வைத்தார்கள். வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நின்றுவிடும். 2022 டிசம்பர் வரை அந்தப் பாலத்தில் ரயில் ஓடியது. பாலத்தில் பயத்துக்கு ஓர் அளவு வைத்தார்கள்.

தனுஷ்கோடிக்கு அப்படி ஓர் அளவு வைக்கப்படவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை. அந்த முடிவில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு பக்கம் ஆண்கடல், மறுபக்கம் பெண்கடல், நடுவே ஒரு மணல் திட்டு. கட்டடம் கட்டிக் குடியிருக்க ஆபத்தான இடம்தான். ஆனால் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்துவிட்டன. மீன் அங்கே இருந்தது, அவர்களும் அங்கே இருந்தார்கள். கையால் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, கொட்டகை போட்டு, மின்சாரம் இல்லாமல் பல வருஷம் வாழ்ந்தார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் மணலில்தான் வண்டி போக வேண்டும். அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வந்தது 2017இல், அதாவது 53 வருஷம் கழித்து. புயல் அடித்தது ஓர் இரவு. அதன் பெயரைச் சொல்லி வசதிகளை மறுத்தது அரை நூற்றாண்டு. அவர்களை வேறு இடத்தில் சரியாகக் குடியமர்த்தவும் இல்லை, இருக்கும் இடத்தில் பாதுகாக்கவும் இல்லை. 'ஆபத்தான இடம்' என்ற ஒரு வார்த்தை எல்லாக் கேள்விக்கும் பதிலாகிவிட்டது.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்து, சுனாமி எச்சரிக்கை விட்டார்கள். 2004 டிசம்பரை மறக்காத கடற்கரை மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. வீண் பயம் என்று சிலர் சிரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எச்சரிக்கை வந்ததும் ஓடினார்கள், ஆபத்து நீங்கியதும் வீடு திரும்பினார்கள். பயம் அவ்வளவு நேரம்தான் இருக்க வேண்டும்.

கடலோரத்துக்காரர்களுக்குப் பயம் வேண்டாம் என்று யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. காற்றும் நீவாடும் பார்த்துத்தான் அவர்கள் தினமும் வள்ளம் இறக்குகிறார்கள். காற்று சரியில்லை என்றால் இன்று போகமாட்டார்கள். நாளை காற்று அடங்கினால் போவார்கள். அரசாங்கமும் தனுஷ்கோடி விஷயத்தில் அப்படி இருந்திருக்கலாம்.