விருந்தோம்பல் துறையில் பணியாளர் சுழற்சி

பணியாளர் சுழற்சி என்பது ஒரு நிறுவனத்தில் வேலை செய்வோர் விலகுவதையும் அவர்களது இடத்தில் புதியவர்கள் அமர்த்தப்படுவதையும் குறிக்கும். தங்கும் விடுதிகள், உணவகங்கள் முதலியவற்றை உள்ளடக்கிய விருந்தோம்பல் துறையில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. ஆட்தேர்வு முறையைச் சீராக்குவது இதனைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாகும்.

கணக்கிடும் முறை

ஓர் ஆண்டில் விலகியோர் தொகையை அவ்வாண்டின் சராசரிப் பணியாளர் தொகையால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் சுழற்சி வீதம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, சராசரியாக 40 பேர் பணிபுரியும் உணவகத்திலிருந்து ஓர் ஆண்டில் 20 பேர் விலகினால், வீதம் 50% ஆகும்.

காரணங்கள்

குறைந்த ஊதியம், நீண்ட வேலை நேரம், பண்டிகை நாட்களிலும் வேலை, பதவி உயர்வு வாய்ப்பின்மை ஆகியன முக்கிய காரணங்கள். காலியிடத்தை அவசரமாக நிரப்புவதும் மற்றொரு காரணமாகும். வேலையின் தன்மையை அறியாமல் சேர்பவர் விரைவில் விலகிவிடுகிறார். அவரது வேலைச்சுமை எஞ்சியோர் மீது விழுவதால் அவர்களும் விலக நேரிடுகிறது.

ஆட்தேர்வு முறைகள்

- வேலையின் நிறைகளோடு குறைகளையும் முன்கூட்டியே எடுத்துரைத்தல். அமெரிக்காவில் தொலைபேசி இயக்குநர்களிடையே ஜான் வானஸ் செய்த ஆய்வு 1973 இல் வெளியானது. இவ்வாறு அறிவிக்கப்பட்டவர்களிடம் வேலையை விடும் எண்ணம் குறைவாக இருந்ததை அது காட்டியது.
- எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, ஒரே அளவுகோலால் மதிப்பிடுதல்.
- சேருவதற்கு முன் ஒரு நாள் வேலையை நேரில் பார்க்கச் செய்தல்.

தாஜ் விடுதிக் குழுமம்

இக்குழுமத்தின் ஆட்தேர்வு முறையை ரோகித் தேஷ்பாண்டே, அஞ்சலி ரைனா ஆகியோர் 2011 இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் விவரித்தனர். அதன்படி, விருந்தினருடன் நேரடியாகப் பழகும் பணிகளுக்குச் சென்னை போன்ற பெருநகரங்களைவிடத் திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் இளைஞர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கப்பட்டனர். திறமையைவிட மூத்தோரை மதித்தல், மலர்ந்த முகம், குடும்பத்தின் வருமானத் தேவை ஆகியவை முதன்மையாகக் கருதப்பட்டன. தேர்வானவர்கள் உதவித்தொகை, இலவச உணவு, தங்குமிடம் ஆகியவற்றுடன் 18 மாதங்கள் பயிற்சி பெற்றனர். மேலாளர் பணிகளுக்கும், ஒரே நிறுவனத்தில் நிலைத்திருக்க விரும்புவர் என்பதால், இரண்டாம் நிலை வணிகக் கல்லூரிப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது.

வரம்புகள்

குடும்பத்தின் தேவையை ஒரு தகுதியாகக் கொள்வது அறம் சார்ந்த வினாவை எழுப்புகிறது. வேலையை விரும்பி நீடிப்பவரும் வேறு வழியின்றி நீடிப்பவரும் சுழற்சி வீதத்தில் ஒன்றாகவே எண்ணப்படுவர். எனவே வீதம் குறைந்திருப்பது மட்டுமே பணியாளர் நிறைவுடன் இருப்பதற்குச் சான்றாகாது. மேலும், ஊதியமும் வேலை நேரமும் சீர்படாத இடத்தில் நல்ல ஆட்தேர்வினால் விலகலைத் தள்ளிப்போட முடியுமே தவிர, தடுக்க இயலாது.