எராஸ்மஸ் தங்கிய ஒரு பருவம்

1500 ஜனவரி. பாரிஸுக்குத் திரும்புவதற்காக டோவர் துறைமுகத்துக்கு வந்த டச்சு அறிஞர் ஒருவரைச் சுங்க அதிகாரிகள் நிறுத்தினார்கள். பொன் நாணயமும் வெள்ளி நாணயமும் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது அன்றைய இங்கிலாந்தின் சட்டம். வெளிநாட்டில் அடித்த காசுக்கு அது பொருந்தாது என்று நண்பர்கள் சொன்னதை நம்பி வந்திருந்தார் அவர். கையில் இருந்த பணம் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. அவர்தான் எராஸ்மஸ்.

இன்று ஐரோப்பிய மாணவர் ஒருவர் ‘எராஸ்மஸ் போகிறேன்’ என்றால், வேற்று நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டரோ ஓராண்டோ படிக்கப் போகிறார் என்று பொருள். பிரிட்டனைப் பொறுத்தவரை இந்தப் பெயர் இன்னும் ஒரு படி கூடுதலாகவே பொருந்தும். பாரிஸில் இறையியல் படித்துக்கொண்டிருந்த எராஸ்மஸ், தன்னிடம் பாடம் கேட்ட மவுன்ட்ஜாய் பிரபுவின் அழைப்பை ஏற்று 1499இல் இங்கிலாந்து வந்து, அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தை ஆக்ஸ்ஃபோர்டில் கழித்தவர். நம் கணக்கில் ஒரு பருவம், அவ்வளவுதான்.

அவருக்கும் முன்னோடி உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்த வெளிநாட்டு மாணவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆள், 1190 வாக்கில் வந்த ஃப்ரீஸ்லாந்துக்காரர் எமோ. சகோதரர் அட்டோவும் கூட வந்தார். சட்ட நூல்களை விலைகொடுத்து வாங்குவது எளிதாக இல்லாத காலம். சகோதரர்கள் இருவரும் இரவைப் பாதியாகப் பங்கிட்டு, ஒருவர் தூங்க மற்றவர் விழித்திருந்து நூல்களைப் படியெடுத்தார்கள். ஊர் திரும்பிய எமோ ஒரு மடத்தை நிறுவித் தலைவரானார். அங்கே அவர் எழுதத் தொடங்கிய நாளாகமத்தின் வழியாகவே இந்தச் செய்தி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

எமோவுக்கும் எராஸ்மஸுக்கும் மொழி ஒரு தடையே இல்லை. பாரிஸிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பாடம் லத்தீனில்தான் நடந்தது. எராஸ்மஸ் பலமுறை இங்கிலாந்து வந்து ஆண்டுக்கணக்கில் தங்கியவர். ஆனாலும் ஆங்கிலம் கற்றுக்கொள்ளவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் அவர் தங்கியது அகஸ்தீனியத் துறவிகளின் புனித மேரி கல்லூரியில். அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில அறிஞர் ஜான் காலெட், விவிலியத்தில் உள்ள பவுலின் நிருபங்களை விளக்கிப் பேசிவந்தார். ஒவ்வொரு சொல்லையும் தர்க்கச் சட்டகத்தில் அடைத்துப் பார்க்கும் பாரிஸ் முறை அவரிடம் இல்லை. பவுல் யாருக்கு, எந்தச் சூழலில் எழுதினார் என்று கேட்டுப் படித்தார். இருவரும் நண்பர்களானார்கள், விருந்து மேசையில் காயீனின் பலியைப் பற்றி வாதாடவும் செய்தார்கள். இங்கேயே தங்கிப் பழைய ஏற்பாட்டைப் பற்றி விரிவுரை செய்யுங்கள் என்று காலெட் கேட்டபோது, தனக்கு இன்னும் அந்தத் தகுதி வரவில்லை என்று எராஸ்மஸ் மறுத்துவிட்டார். பாரிஸ் திரும்பியதும் கிரேக்கம் கற்பதில் இறங்கினார். 1516இல் பாசல் நகரில் அச்சான அவரது கிரேக்கப் புதிய ஏற்பாடு ஐரோப்பாவின் விவிலியக் கல்வியையே திருப்பிப்போட்டது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பருவம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தனக்கு என்ன தெரியவில்லை என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார். வெளியூர்ப் படிப்பில் கிடைக்கும் பெரிய வரவு அது.

டோவரில் இழந்த பணத்துக்காக அவர் இங்கிலாந்தைத் திட்டி எழுதுவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவரோ 800க்கு மேற்பட்ட பழமொழிகளைத் தொகுத்து அதே 1500இல் வெளியிட்டு, அந்த நூலை மவுன்ட்ஜாய்க்கே காணிக்கையாக்கினார்.

பிறகு கதவு சாத்திக்கொண்டது. மதச் சீர்திருத்தத்துக்குப் பின், 1581 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் சேருகிறவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிட வேண்டியிருந்தது. கத்தோலிக்க நாடுகளிலிருந்து யார் வருவார்? சேரும்போது போடவேண்டிய அந்தக் கையொப்பம் 1854இல்தான் ஒழிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் தடை வேறு வடிவில் வந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய இத்தாலிய மாணவி சோஃபியா கொராதியின் படிப்பை ரோம் பல்கலைக்கழகம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அவமானத்தைப் பிரச்சாரமாக மாற்றினார் அவர். மறுபக்கம் வேல்ஸில் பிறந்த ஹவெல் கெரி ஜோன்ஸ், சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவிட்டு, பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த 1973இல் அதன் கல்விப் பணிக்காக பிரஸ்ஸல்ஸுக்குப் போனார். 1976இல் பல்கலைக்கழகங்கள் கூட்டாகப் பாடம் நடத்தும் சிறு திட்டம் தொடங்கியது. அது வளர்ந்து 1987 ஜூனில் எராஸ்மஸ் திட்டம் ஆயிற்று. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள்.

திட்டத்தின் உயிர் இரண்டு ஏற்பாடுகளில் இருந்தது. மாணவர் தன் சொந்தக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டினால் போதும். போன இடத்தில் கட்ட வேண்டாம். அங்கே படித்ததற்குப் படிப்புப் புள்ளி (கிரெடிட்) உண்டு: ஓராண்டுக்கு 60, ஒரு செமஸ்டருக்கு 30. கொராதிக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேரக் கூடாது என்பதற்கான கணக்கு அது.

லத்தீன் இருந்த இடத்தில் இப்போது ஆங்கிலம். அதனால் பிரிட்டனுக்கு வந்தவர்களே அதிகம். 2017இல் பிரிட்டனிலிருந்து போனவர்கள் சுமார் 16,500 பேர், வந்தவர்கள் சுமார் 31,700 பேர். செலவுக்கணக்குப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வு உறுத்தியது. 2020 டிசம்பர் 24 அன்று, பிரெக்ஸிட் உடன்பாட்டோடு சேர்த்து, எராஸ்மஸிலிருந்தும் விலகுவதாக பிரிட்டன் அறிவித்தது. பதிலுக்கு வந்த திட்டத்துக்குக் கணிதவியலாளர் ஆலன் டூரிங்கின் பெயர். அவரும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் படித்தவர்தான். ஆனால் அந்தத் திட்டம் வெளியே போகிறவர்களுக்கு மட்டுமே பணம் தரும். உள்ளே வருகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒருவழிப் பாதையைப் பரிமாற்றம் என்று எப்படி அழைப்பது? வேல்ஸ் அரசு அதில் நிறைவு காணாமல், இரு பக்கமும் திறந்த ‘டைத்’ என்ற திட்டத்தைத் தானே தொடங்கியது. வேல்ஸ் மொழியில் டைத் என்றால் பயணம். ஜோன்ஸின் மண் அல்லவா.

2027இல் எராஸ்மஸில் மீண்டும் சேர்வதாக 2025 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் 2021இல் இங்கிலாந்தில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்கள் 2024இலேயே படித்து முடித்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின் வந்த இரண்டு அணிகளும் 2027க்கு முன்பே முடித்துவிடும்.