குளோரின் தின்ற மெம்பரேன்

போன வாரம் எங்கள் அகமதாபாத் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் தண்ணீர் உப்புக் கரித்தது. பார்க்க வந்த மெக்கானிக் பையன், "கார்பன் ஃபில்டரை எப்போ மாத்தினீங்க சாப்? குளோரின் மெம்பரேனைத் தின்னுடுச்சு" என்றான். இரண்டு வருடமாக மாற்றவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அவன் சொன்னதைத் துருவப் போக, ஒரு சரித்திரமே கிடைத்தது. (நான் பி.காம்., கெமிஸ்ட்ரி பத்தாவதோடு சரி. தவறிருந்தால் திருத்துங்கள்.)

1959 வாக்கில் லாஸ் ஏஞ்சலீஸில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் (பெயரைப் பார்த்ததுமே ஒரு சந்தோஷம்!) இருவரும் செல்லுலோஸ் அசிடேட்டில் ஒரு சவ்வு செய்தார்கள். அதற்கு முன் உப்பைத் தடுத்த சவ்வுகளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மேலே மெல்லிய தோல், கீழே பஞ்சு மாதிரி அடுக்கு என்று இவர்கள் அமைத்ததும் வேகம் பல மடங்கானது. 1965-ல் கோலிங்கா என்ற கலிஃபோர்னியா சிற்றூருக்கு இந்த முறையில் குடிநீர் கிடைத்தது.

அந்தச் சவ்வு லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரினைத் தாங்கும். ஆனால் கிருமிகள் அதையே அரித்துவிடும். நிறைய அழுத்தமும் வேண்டும்.

1970களின் கடைசியில் ஜான் கடாட் பாலிஅமைடு சவ்வைக் கொண்டுவந்தார். குறைந்த அழுத்தம், இன்னும் சுத்தமான நீர். இன்று வீடுகளில் இருப்பதும் இந்த வம்சம்தான். ஒரே குறை: அதன் அமைடு பிணைப்பில் உள்ள நைட்ரஜனைக் குளோரின் பிடித்துக்கொள்ளும். அதே 1 மில்லிகிராம் குளோரினில் 200 முதல் 1000 மணி நேரத்திலேயே சவ்வு கெட ஆரம்பிக்கும். 1000 மணி என்பது 42 நாள்கூட இல்லை!

அதனால் பெரிய ஆலைகளில் கிருமியைக் கொல்லக் குளோரின் போட்டு, சவ்வுக்கு முன்னால் சோடியம் பைசல்ஃபைட் கலந்து அதை நீக்கி, ஊருக்கு அனுப்பும்போது மறுபடி குளோரின் போடுகிறார்கள். எங்கள் பாஷையில் என்ட்ரி, ரிவர்சல், மறுபடி என்ட்ரி. நடுவில் காவலில்லாத சவ்வில் கிருமிகள் படிந்து, அழுத்தமும் கரண்ட் செலவும் ஏறும்.

2008-ல் அமெரிக்காவில் பென்னி ஃப்ரீமன், ஜேம்ஸ் மெக்ராத் குழுவினர் அமைடு பிணைப்பே இல்லாத பாலிசல்ஃபோன் சவ்வு செய்து, அது குளோரினைத் தாங்குவதைக் காட்டினார்கள். ஆனாலும் சந்தையில் இன்றுவரை பாலிஅமைடுதான் ராஜா.

அதுவரை நமக்குக் காவல் அந்தக் கார்பன் ஃபில்டர்தான். இன்னொன்று, ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் மிச்சமிருக்காது. நாள்கணக்கில் பிடித்து வைக்காதீர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மா வீட்டு மெஷினையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.