ரசிகர்

2023 மே மாதம் ஸ்பெயினின் வலென்சியா நகர மைதானத்தில், ரியல் மாட்ரிட் அணிக்காக ஆடிய பிரேசில் வீரர் வினீசியஸ் ஜூனியரை, அவர் கறுப்பர் என்ற ஒன்றுக்காகவே குரங்கென்று இழித்துக் கூவியவர்களை, அவர்களுள் மூவருக்கு மறுஆண்டு நீதிமன்றம் எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்த பின்னரும், 'ரசிகர்கள்' என்றே எழுதக் காணும்போது என் நெஞ்சம் வருந்துகிறது. சாறு என்னும் பொருளில் தோன்றிய 'ரஸ' என்ற வடசொல், நாவறியும் சுவையாகி, நாட்டிய சாஸ்திரத்தில் உள்ளம் நுகரும் கலையின்பமாக உயர்ந்தது. நம் அடுக்களை ரசமும், சரசமும், விரசமும் அதன் கிளைகளே. அவ்வின்பத்தை நுகரும் பக்குவம் பெற்றவனே ரசிகன். சங்கீத சபையிலிருந்து சினிமாக் கொட்டகைக்கும், அங்கிருந்து விளையாட்டரங்குக்கும் அச்சொல் பரவிய காலத்தில், பக்குவம் தேய்ந்து பட்சபாதமே அதன் பொருளாகிவிட்டது. 'சுவைஞர்' என்னும் தமிழ்ச்சொல் அழகியதே எனினும், அதுவும் மேன்மக்களுக்குரிய பெயராதலின் இவர்க்குப் பொருந்தாது. முற்காலத்தில் நறுமணத்தையும், முருகனின் பூசாரியாகிய வேலன் ஆடிய வெறியாட்டின் தெய்வ ஆவேசத்தையும் சுட்டி, இன்று விவேகமிழந்த மூர்க்கத்தைச் சுட்டும் 'வெறி' என்ற சொல்லால் இவர்களை இனவெறியர் என்பதே நேர்மை. எதிரணி வீரனின் திறமையையும் சுவைத்துப் போற்ற வல்லவருக்கே ரசிகர் என்னும் பெயர் உரியதாகுக.