தன்விவரக் குறிப்பு: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில்

வேலை தேடுபவர் தம் படிப்பையும் திறமையையும் அனுபவத்தையும் சுருக்கி எழுதி அனுப்புவது தன்விவரக் குறிப்பு. பேச்சுவழக்கில் பயோடேட்டா, ரெஸ்யூமே. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வாங்கித் தருவதோடு அதன் வேலை முடிந்தது.

உலக அளவில் முன்னோடியாகக் காட்டப்படுவது, லியனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய கடிதம். போர்க்காலம் என்பதால் பாலம், பீரங்கி, கவச வண்டி என்று அடுக்கிவிட்டு, ஓவியமும் தெரியும் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்.

கடலூருக்கு இந்த வழக்கம் கும்பினியோடு வந்தது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கும்பினி 1690இல் வாங்கியது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தபோது இங்கே தப்பி வந்தவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். அவர் பார்த்த வேலை ‘ரைட்டர்’, அதாவது எழுத்தர். அந்த வேலைக்கு மனுப் போட்டவர்கள் ஞானஸ்நானச் சான்றையும் கணக்குப் படித்ததற்கான சான்றையும் இணைத்தார்கள். அவை இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் கும்பினி இயக்குநர் ஒருவரின் சிபாரிசு இல்லாமல் எந்த மனுவும் நகராது.

1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. சிபாரிசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் காகிதத்தில் போட ஒரு பட்டம் கிடைத்தது. 1979இல் தொடங்கிய அதன் தொலைதூரக் கல்வியால், வேலையில் இருந்தவர்களும் தபாலில் பாடம் பெற்றுத் தங்கள் குறிப்பில் பட்டம் சேர்த்தார்கள்.

1945இல், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. காலியிடங்களை அங்கே கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959இல் வந்தது. பதிவு எண், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், டைப்ரைட்டிங் லோயர், ஹையர்: ஒரு தலைமுறையின் பயோடேட்டா இவ்வளவுதான். தந்தை பெயர், மதம், ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி எல்லாம் அரசுப் படிவம் விட்டுச்சென்ற தழும்புகள்.

தழும்பு வலிக்கவும் செய்யும். ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் நாளிதழ் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. சாதிப் பெயரை விட்டுத் தலைப்பெழுத்து போடும் தமிழ்நாட்டு வழக்கம் இங்கே ஓரளவு காப்பு.

1956இல் உருவான நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர் தேர்வில் கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணை முதல் சல்லடையாகப் பயன்படுத்தியிருக்கிறது. அங்கே குறிப்பின் அழகுக்கு வேலை குறைவு. தனியார் நிறுவனங்களின் கதை வேறு. 1997இல் நௌக்ரி இணையதளம் வந்தபின் விண்ணப்பங்கள் குவிந்தன. பெரிய நிறுவனங்களில் மென்பொருளே முதலில் படித்து வடிகட்டுகிறது. கட்டங்களுக்குள் அடைத்த விவரம் அதன் கண்ணுக்குத் தப்பக்கூடும். விளம்பரத்தில் உள்ள திறன்களை, உண்மையில் கைவசம் இருந்தால், அதே சொற்களில் எழுதுவது பலன் தரும். ‘கடின உழைப்பாளி’ என்ற வரியைவிட, இறுதியாண்டு ப்ராஜெக்டில் எந்த பம்ப்பைப் பிரித்து எதைச் சரிசெய்தார் என்பதே கடலூர் சிப்காட் ஆலையின் மேலாளரைக் கூப்பிட வைக்கும். புதிதாகப் படிப்பை முடித்து வருபவருக்கு ஒரு பக்கம் தாராளம்.